இடைப்பட்ட நாட்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநலம் பற்றிச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாகப் போவது தமிழ்நாட்டில் பரவிவரும் வழக்கம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர்கள், சமூகப்பணியோ உளவியலோ படிப்பவர்கள், செவிலியர் பயிற்சியில் இருப்பவர்கள், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் என இவர்களில் பல தரப்பினர் உண்டு. ஏதாவது ஒரு பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போகிறார்கள். பெரும்பாலும் அது விளையாட்டுப் பாடவேளையாக இருக்கும். நாற்பது நிமிடம், ஒரு கரும்பலகை, ஐம்பது முகங்கள். இவர்கள் மருத்துவர்கள் அல்லர். யாருக்கு என்ன நோய் என்று சொல்லும் தகுதி இவர்களுக்கு இல்லை. ஆனாலும் இவர்களால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. ஒருவருக்கு மனம் கலங்கத் தொடங்கும் நாளுக்கும், தகுந்த உதவி அவரை வந்தடையும் நாளுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் காலத்தை இவர்களால் குறைக்க முடியும்.

அந்தக் காலம் மிக நீண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து இந்த அளவு மாறும். மருந்துக் கடை இல்லை, மருத்துவர் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணமாகாது. வீட்டில் ஒரு பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால் முதலில் அது 'வயசுக் கோளாறு' ஆகிறது. பிறகு சோம்பல் ஆகிறது, திமிர் ஆகிறது. தூக்கம் போய்த் தனியே பேசத் தொடங்கினால் 'காத்துக் கருப்பு', 'யாரோ செஞ்சு வச்சது' என்றாகிறது. 'ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிரும்' என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார். ஒவ்வொரு பெயரும் சில மாதங்களைத் தின்றுவிடுகிறது. மனச்சிதைவு போன்ற நோய்களில் மருத்துவம் இல்லாமல் கழியும் காலம் நீள நீள, மீட்சியும் கடினமாகும் என்பது மருத்துவ உலகம் உறுதியாகக் கண்டறிந்த உண்மை.

இந்த உண்மையை மிக நெருக்கமாகப் பார்த்த வட்டாரங்களில் ஒன்று ராமநாதபுரம் கடற்கரை. அங்கே கடலாடி வட்டத்தில் சிக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்மாயும் பனையும், முண்டு மிளகாய்க் கொல்லைகளும், சீமைக்கருவேலங்காட்டுக் கரிமூட்டமும், தெற்கே வாலிநோக்கத்து உப்பளங்களும் கொண்ட வானம் பார்த்த பூமி அது. இதே கடற்கரையில்தான் ஏர்வாடி தர்கா இருக்கிறது. மதீனாவிலிருந்து வந்த சுல்தான் சையது இபுராகிம் ஷஹீத் அடங்கிய இடம் அது. மனம் பேதலித்தவர்கள் அங்கே தங்கினால் குணமாகும் என்ற நம்பிக்கையில் மத வேறுபாடில்லாமல் தமிழ்நாட்டிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தபடியே இருக்கின்றன. தங்க வந்தவர்களை வைத்துக்கொள்ளத் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடிவதற்கு முன், அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அந்தத் தீ நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியின் காப்பகங்கள் மூடப்பட்டன. அவற்றில் இருந்த 500க்கும் மேற்பட்டவர்களின் பொறுப்பை அரசு ஏற்றது. 1997இல் திருச்சியில் தொடங்கியிருந்த மாவட்ட மனநலத் திட்டம் ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் விரிந்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தன் 95ஆம் பிரிவில் தடை விதித்தது. அதே சட்டத்தின் 29, 30ஆம் பிரிவுகள் மனநலத்தை வளர்ப்பதையும் மக்களிடம் விழிப்பை ஏற்படுத்துவதையும் அரசின் கடமையாக்கின. 2018 மே 29 முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பள்ளிக்குள் போகும் மாணவத் தன்னார்வலர், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கடமையின் ஒரு சிறு பங்கைச் சுமக்கிறார்.

ஏர்வாடிக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பல வாசல்களை மிதித்துவிட்டுக் கடைசியாக வந்தவர்கள். அவர்களைக் கட்டிய சங்கிலியின் முதல் கண்ணி ஊரில், வீட்டில், அந்த முதல் மாதங்களின் தயக்கத்தில் வார்க்கப்பட்டது. பள்ளியில் செய்யக்கூடிய வேலை அந்த முதல் கண்ணியில்தான் இருக்கிறது.

*

பள்ளி வயதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக மேலே சொன்ன தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் மூன்று அல்லது நான்கு பேர். 2022இல் என்சிஇஆர்டி வெளியிட்ட கணக்கெடுப்பில் 3,79,842 மாணவர்கள் பங்கெடுத்தார்கள். படிப்பு, தேர்வு, முடிவு ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று அவர்களில் 81 சதவீதத்தினர் சொன்னார்கள். இன்னொரு பக்கம், இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. சிக்கல் வட்டாரத்திலிருந்து மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டும். கூடப்போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய கூலி போய்விடும். மருத்துவர் கிராமத்துக்கு வரும்வரை காத்திருக்க முடியாத இடங்களில் பேச்சாவது முன்னே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

மாணவர்களை ஊருக்குள் பணிக்கு அனுப்பும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ஆம் தேதி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமம் ஒன்றில் ஏழு நாள் முகாமில் தங்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவிக்கப் புறப்பட்ட அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான இளைஞர்களை அரிக்கேன் விளக்கோடு ஊர்த் திண்ணைகளுக்கு அனுப்பியது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி திட்டத்திலும் தெருவின் படித்த பிள்ளைகளே ஆசிரியர்கள் ஆனார்கள். கற்றவர் கல்லாதவரின் வாசலுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கப்பட்ட காரியம். மனநலம் அந்த வரிசையில் பிந்தி வந்த பாடம்.

பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாத இடத்தில் சாதாரண மனிதரின் காது எவ்வளவு உதவும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்று சான்று. 1953 நவம்பரில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். வந்தவர்கள் அவரைப் பார்ப்பதற்காக வெளியறையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துத் துணைக்கு உட்கார்ந்திருந்த தன்னார்வலர்களிடமே பலர் மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்கும் தேவையின்றிக் கிளம்பினார்கள். அதைக் கவனித்த வாரா சில மாதங்களுக்குள் கேட்கும் வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படி உருவானது. அதே வழியில் 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும் இன்றுவரை தன்னார்வலர்களின் காதுகளால் நடக்கிறது.

பள்ளியிலும் இது பொருந்துமா என்பதைப் பீகாரில் சோதித்துப் பார்த்தார்கள். நாலந்தா மாவட்டத்தின் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கோவாவின் சங்கத் அமைப்பு நடத்திய ஆய்வு 2018இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் அங்குள்ள ஆசிரியர்களும், சில பள்ளிகளில் வெளியிலிருந்து வந்து பயிற்சி பெற்ற, மருத்துவப் படிப்பு இல்லாத ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. ஆசிரியர்களிடம் அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேர்வுத்தாளைத் திருத்தும் கையிடமே மனத்தையும் திறந்து காட்டப் பிள்ளைகள் தயங்குவது இயல்பு.

தமிழ்நாட்டு வகுப்பறையில் இந்த வேறுபாடு கூப்பிடும் முறையிலேயே தெரிந்துவிடும். ஆசிரியர் 'சார்', 'டீச்சர்'. தன்னார்வலர் உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்தில் 'அண்ணே', 'அக்கா' ஆகிவிடுகிறார். மதிப்பெண் போடாத, அப்பாவிடம் சொல்லிக்கொடுக்காத, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. கடலாடி, முதுகுளத்தூர், பரமக்குடி, கீழக்கரை, ராமநாதபுரம் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் இதே வட்டாரத்தின் கிராமங்களிலிருந்து வருபவர்கள். அவர்கள் பேசும் தமிழும் வகுப்பு பேசும் தமிழும் ஒன்று. இந்த நெருக்கத்தை எந்தப் பயிற்சிக் கையேட்டாலும் கொடுத்துவிட முடியாது.

*

நன்றாக நடக்கும் வகுப்பு ஒன்றின் போக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். தன்னார்வலர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிக்கிறார். இடப்பக்கம் 'உடம்புக்கு முடியலன்னா', வலப்பக்கம் 'மனசுக்கு முடியலன்னா' என்று எழுதுகிறார். இடப்பக்கம் நிமிடத்தில் நிரம்புகிறது: காய்ச்சல், தலைவலி, வயிற்றுப்போக்கு, அம்மை. யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டால் அம்மா, ஆயா, நர்ஸம்மா என்று குரல்கள் வருகின்றன. வலப்பக்கம் வந்ததும் சிரிப்பு. யாரோ ஒருவன் 'லூசு' என்கிறான். இன்னொருவன் 'மெண்டல்'. பின் வரிசையிலிருந்து 'கீழ்ப்பாக்கம்', 'ஏர்வாடி' என்று ஊர்ப் பெயர்களே வசையாக வருகின்றன. தன்னார்வலர் கோபப்படாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டு இடப்பக்கத்துக்குத் திரும்பி, "காய்ச்சல் வந்தவங்களுக்கு என்ன பட்டப்பேரு வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார். வகுப்பு அமைதியாகிறது. அன்றைய பாடத்தில் பாதி அந்த அமைதியிலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது சொற்கள். மனச்சோர்வு, மனப்பதற்றம், மனச்சிதைவு என்ற கலைச்சொற்கள் பாடநூலுக்கு வேண்டியவை. பிள்ளைகள் வாழும் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன: மனசு சரியில்ல, எதுலயும் ஒட்டல, நெஞ்சு படபடங்குது, தல பாரமா இருக்கு, வெறுப்பா வருது, யாரையும் பாக்கப் புடிக்கல. இவற்றில் எதுவும் தரம் குறைந்ததல்ல. பல வேளைகளில் மருத்துவரின் சொல்லைவிடத் துல்லியமானவை. 'மனசு சரியில்ல' என்ற தொடர் யாரையும் இழிவுபடுத்துவதில்லை. நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை, நாளை சரியாகலாம் என்ற காலக்கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. 'பைத்தியம்' என்ற சொல்லில் அந்தக் கணக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற ஒரே விதியை இந்தச் சொற்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் வகுப்புக்கு அது போதும்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே வேலை பெரும் துயரத்தின் நடுவே நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் போர்க்காலத்தில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 'மனவடு' என்ற நூல் தமிழிலேயே எழுதப்பட்டது. அங்கே மனநலத்தை 'உளநலம்' என்கிறார்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இந்த மாவட்டப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இரண்டு சொற்களும் இந்தக் கரையில் புழங்கத் தகுந்தவை.

எடுத்துக்காட்டுகளும் மண்ணுக்குரியவையாக இருந்தால்தான் ஒட்டும். பெருநகரத்துப் பிள்ளையின் கைப்பேசிப் பிரச்சினையை மட்டும் பேசினால் சிக்கல் வட்டாரத்து வகுப்பில் பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள். இங்கே ஒரு பிள்ளையின் தகப்பன் வளைகுடா நாட்டில் இருப்பார். இன்னொரு பிள்ளையின் தகப்பன் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் வீட்டில் வட்டிப் பேச்சு மட்டுமே கேட்கும். மழை பொய்த்த ஆண்டில் குடும்பமே வெளியூர் போக, பிள்ளை பாட்டியிடம் இருக்கும். கரிமூட்டத்தில் வேலை செய்துவிட்டு வகுப்பில் தூங்கும் பையனைச் சோம்பேறி என்று சொல்லிப் பழகியிருக்கலாம். அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதும் மனநலக் கல்வியில் சேர்ந்ததே.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் கேள்விப் பெட்டிக்கு உரியது. எல்லோருக்கும் ஒரு துண்டுக் காகிதம். பெயர் வேண்டாம். கேள்வி இல்லாதவர்களும் பிடித்த பாட்டின் பெயரையாவது எழுதி மடித்துப் போட வேண்டும். எழுதுகிறவன் யார், எழுதாதவன் யார் என்று எவருக்கும் தெரியாமல் இருக்க இந்த ஏற்பாடு. வாய்திறந்து கேட்டபோது வராத கேள்விகள் அந்தப் பெட்டியில் விழுகின்றன. பரீட்சை என்றாலே வயிறு கலக்குது, இது வியாதியா? அப்பா குடிச்சிட்டு வர்ற சத்தம் கேட்டா கை நடுங்குது. எங்க சித்தப்பா தனியாப் பேசுறாரு, பேயா? 'என் ஃப்ரெண்டுக்கு' என்று தொடங்கும் கேள்விகள் நிறைய வரும். அந்த ஃப்ரெண்டு பெரும்பாலும் எழுதியவரே.

*

இந்தக் கல்வியில் நோயின் பெயர்களைவிட முக்கியமானது கேட்கக் கற்பது. தமிழில் கதை கேட்பதற்கென்று ஒரு மரபு உண்டு. பாட்டி கதை சொல்லும்போது யாராவது 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். கதையில் குறுக்கிடாமல், திருத்தாமல், முடிவை முன்கூட்டிச் சொல்லாமல், இங்கேதான் இருக்கிறேன் என்று மட்டும் தெரிவிக்கிற ஓசை அது. தன்னார்வலர்கள் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் இரண்டு நிமிடம் பேச மற்றவர் அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்க வேண்டும் என்ற பயிற்சியைச் செய்விக்கும்போது இந்த மரபைத்தான் மறுபடி கையில் கொடுக்கிறார்கள். 'இதுக்கெல்லாமா அழுவாங்க', 'எனக்கு வந்த கஷ்டத்துக்கு இது ஒண்ணுமே இல்ல', 'எல்லாம் சரியாயிரும்' ஆகிய மூன்றும் பேச்சை அறுத்துவிடும் தொடர்கள். அவற்றைச் சொல்லாமல் இரண்டு நிமிடம் இருப்பது பெரியவர்களுக்கே கடினம்.

பள்ளியில் கற்றது வீட்டுக்குப் போகுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த மனநலக் கல்வி பற்றிய ஆய்வு 1998இல் வெளிவந்தது. பாடம் கேட்ட பிள்ளைகளின் அறிவும் மனப்பாங்கும் மாறின என்பதோடு அது நிற்கவில்லை. அவர்களுடைய பெற்றோர், பள்ளிக்கு வராத நண்பர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியோரிடமும் மாற்றம் தெரிந்தது. எழுத்தறியாத தாய்க்கு மருந்துச்சீட்டைப் படித்துச் சொல்வது பிள்ளைதான். வங்கிப் படிவத்தை நிரப்புவதும் பிள்ளைதான். அந்தப் பிள்ளையின் வாய்வழியாகவே மனநலமும் வீட்டுக்குள் நுழைகிறது.

வீட்டுக்குள் நுழையும்போது நம்பிக்கையோடு மோதக் கூடாது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போவது அறியாமை என்று ஒரு பதினெட்டு வயதுத் தன்னார்வலர் சொன்னால், அந்தப் பேச்சு வாசலிலேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அன்பான, அச்சுறுத்தாத சூழலில் குடும்பத்தோடு தங்கியதாலேயே அவர்களின் அறிகுறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. குஜராத்தின் உனாவா கிராமத்து மீரா தாதார் தர்காவில் 2008இல் மருத்துவரும் தர்காப் பணியாளரான முஜாவரும் ஒரே வளாகத்தில் பணிபுரியும் 'தவா–துவா' முயற்சி தொடங்கியது. மருந்தும் வேண்டுதலும் என்பது அந்தப் பெயரின் பொருள். பின்னர் ஏர்வாடியிலும் அது நடைமுறைக்கு வந்தது. வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்று சொல்லத் தெரிந்த தன்னார்வலரே குடும்பத்தின் காதில் விழும்படி பேசுகிறார்.

*

தன்னார்வலரின் எல்லைகள் தெளிவாக வரையப்பட வேண்டியவை. ராமநாதபுரத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொள்ளும் உயரத்தில் நிற்கும் கல். அது சுமையைத் தானே வைத்துக்கொள்வதில்லை. சேரவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இல்லை. நடப்பவர் அடுத்த தூரத்துக்குத் தெம்பு பெறுகிறார். மாணவத் தன்னார்வலரின் வேலையும் இவ்வளவே. நோய்ப்பெயர் சூட்டுவது, மருந்து சொல்வது, தனியே பல நாள் ஆலோசனை நடத்துவது, தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நள்ளிரவு அழைப்புகளைத் தானே தாங்குவது ஆகியவை அந்தக் கல்லின் அளவுக்கு மீறியவை.

ரகசியம் பற்றியும் தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "நீ சொல்றத ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா, உன்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டே பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்பது சரியான வாக்கு. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யும் உரிமை தன்னார்வலருக்கு இல்லை. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில் கட்டாயமாக்கியிருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராக, கனிவாகக் கேட்பது பேச்சைத் திறக்கிறது. ஆனால் எப்படி இறந்தார்கள் என்ற விவரங்களும், 'மார்க் குறைஞ்சதால' என்ற ஒற்றைக் காரணக் கதைகளும் வகுப்பில் இடம்பெறக் கூடாது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. முயன்று மீண்டு வந்த பிள்ளையை வகுப்பு எப்படி வரவேற்க வேண்டும் என்பதற்கு அந்தப் பிரிவே பாடம்.

எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது. அக்டோபர் 10 உலக மனநல நாளன்று பேரணி, பதாகை, உறுதிமொழி, குழுப்படம் என்று முடிந்துபோகும் நிகழ்ச்சிகள் ஏராளம். ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்ததும், வினாத்தாள் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்தெடுத்ததும் கணிசமான பலன் தரவில்லை. சில வாரங்களில் பல அமர்வுகளாக மாணவர்களே பேசி, நடித்து, விவாதித்த திட்டம் தற்கொலை முயற்சிகளை ஓராண்டுக்குப் பின் அளந்தபோதும் குறைத்திருந்தது. எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மனவிழிப்புப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தபோது, வழக்கமான வகுப்பைவிட அதில் கூடுதல் பலன் தெரியவில்லை. நல்லெண்ணம் இருந்தால் எல்லாப் பாடமும் நன்மை செய்யும் என்று கொள்வதற்கில்லை. சாதாரண வருத்தத்தையும் தேர்வுப் பயத்தையும் நோயாகக் காட்டிவிடாமல் இருப்பதும், வருந்துவது மனித இயல்பு என்று சொல்வதும் தன்னார்வலரின் பொறுப்புகள்.

*

வகுப்பு திறந்துவிடும் கதவுக்குப் பின்னால் ஒரு பாதை இருக்க வேண்டும். பாதை இல்லாமல் கதவை மட்டும் திறப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆகவே பள்ளிக்குப் போவதற்கு முன்பே மூன்று பேரிடம் பேசிவைக்க வேண்டியிருக்கிறது: தலைமையாசிரியர், பள்ளியில் பிள்ளைகள் நம்பும் ஓர் ஆசிரியர், மாவட்ட மனநலத் திட்டக் குழு. அந்தக் குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருப்பார்கள். மாவட்டத் தலைநகருக்கு வெளியே உள்ள அரசு மருத்துவமனைகளில் குழு எந்த நாளில் பார்க்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தால், பெற்றோரிடம் 'டாக்டரைப் பாருங்கள்' என்ற பொத்தாம்பொதுவான பேச்சு, 'இந்தக் கிழமை, இந்த ஊருக்கு வாங்க' என்ற பேச்சாக மாறிவிடும். ஒரு தாய்க்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்கும் 14416 என்ற கட்டணமில்லா மனநல எண், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழில் பேசுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கடைசி இலக்கம் மட்டுமே வேறு என்பதால் இரண்டையும் பிள்ளைகள் எளிதில் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்வதோடு, அழைத்தால் என்ன கேட்பார்கள் என்பதை வகுப்பில் நடித்துக் காட்டுவது நல்லது. தெரியாத எண்ணுக்கு முதல்முறை பேசுவதற்குத் துணிவு வேண்டியிருக்கிறது.

தன்னார்வலர்களின் மனமும் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியதே. பெட்டியில் விழும் ஒரு துண்டுக் காகிதம் பத்தொன்பது வயதுப் பெண்ணின் பழைய காயத்தைத் தொட்டுவிடலாம். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது கட்டாயமாக இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது, பிறருக்கு உதவப் படிக்கும் மாணவர்களுக்கும் உதவி வேண்டும் என்ற புரிதலில்தான். அதே ஆண்டு ஜனவரி 12இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, இந்தக் கடற்கரையில் அத்தகைய மாணவர்களை இனி ஆண்டுதோறும் உருவாக்கும்.

விழிப்புணர்வு மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத் தேர்வு எழுதும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. சிநேகாவின் லட்சுமி விஜயகுமார் அதற்காக வாதாடியவர்களில் ஒருவர். தோற்ற பிள்ளையிடம் 'தைரியமாக இரு' என்று சொல்வதைவிட, அடுத்த மாதமே எழுதலாம் என்ற அறிவிப்பு பல உயிர்களுக்குத் தைரியம் தந்தது. கேள்விப் பெட்டியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப விழுந்தால், அதை அந்தப் பிள்ளைகளின் குறையாகக் கொள்ளாமல் பள்ளியின், ஊரின், அரசின் குறையாகப் பார்த்து மேலே கொண்டுபோவதும் தன்னார்வலர் குழுவின் பணியாகும்.

ஓர் ஆண்டின் முடிவில் இத்தனை பள்ளிகள், இத்தனை வகுப்புகள், இத்தனை மாணவர்கள் என்று அறிக்கை எழுதப்படும். அந்த எண்கள் வேண்டியவைதாம். ஆனால் உண்மையான அளவுகோல் நாட்கள். தனியாகப் பேசும் சித்தப்பாவைப் பற்றித் துண்டுக் காகிதத்தில் எழுதிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அம்மா, அது பேய் இல்லையாம். டாக்டரம்மா வர்ற கிழமை தெரியும், சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போவமா?" என்று கேட்டால், அந்த வீட்டில் சில ஆண்டுகள் மிச்சமாகின்றன. ஏர்வாடிக்கு வந்து சேர்ந்த பலருக்கு, தொடக்க நாட்களில் அப்படிக் கேட்க ஒரு பிள்ளை இருந்ததில்லை.